மேலேயும் கீழேயும் கருப்பு

எங்கள் பத்திரிகையில் வரும் வீடுகளில் ஒரு டிவிகூட ஓடுவதில்லை. ஆனால் எல்லா டிவியிலும் படம் தெரியும். அந்தப் படத்தை வைப்பவள் நான்.

தட்டாஞ்சாவடியில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் குடம் செய்கிறவர்கள், இன்னொரு பக்கம் லேத் பட்டறை, நடுவில் மாடியில் எங்கள் ஆபீஸ். வீட்டு அலங்காரத்துக்கென்று மாதம் ஒரு இதழ் கொண்டுவருகிறோம். புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் புதிதாக வீடு கட்டியவர்கள் தங்கள் ஹாலை ஊருக்குக் காட்ட ஆசைப்படுவார்கள். எங்கள் போட்டோகிராஃபர் போய்ப் படம் எடுத்துவருவார். எல்லாப் படத்திலும் சோபா அழகாக இருக்கும், திரைச்சீலை அழகாக இருக்கும், டிவி மட்டும் கருப்பாக இருக்கும். அணைத்து வைத்த டிவி ஒரு நல்ல கண்ணாடி. அதில் போட்டோகிராஃபர் தெரிவார், அவருடைய ஸ்டாண்டு தெரியும், சமையலறை வாசலிலிருந்து எட்டிப்பார்க்கும் வீட்டம்மா தெரிவார். ஒரு முறை, துண்டு மட்டும் கட்டிக்கொண்டு குளியலறைக்குப் போன வீட்டுக்காரரும் தெரிந்தார். இதையெல்லாம் மறைக்க நான் கம்ப்யூட்டரில் டிவிக்குள் ஒரு படத்தை ஒட்டுவேன். பதினைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு.

என்ன படம் என்று கேட்டால், ஒரு ஏரி. பின்னால் பனிமலை, முன்னால் ஒரு படகு. எந்த நாட்டு ஏரி என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஆசிரியருக்கும் தெரியாது. லாஸ்பேட்டை டாக்டர் வீட்டிலும் அதே ஏரி, முத்தியால்பேட்டை நகைக்கடைக்காரர் வீட்டிலும் அதே ஏரி. ஊர் முழுக்க ஒரே ஏரி ஓடுகிறதே என்று ஒரே ஒருவரைத் தவிர எந்த வாசகரும் இதுவரை கேட்டதில்லை. வீட்டுக்காரர்கள் மட்டும் போன் செய்வார்கள். ஏரியைப் பற்றி அல்ல. “எங்க டிவி இன்னும் கொஞ்சம் பெரிசும்மா, படத்துல சின்னதா தெரியுது” என்பார்கள். நானும் பெரிதாக்கிக் கொடுப்பேன். ஒருவருக்கு அப்படிப் பெரிதாக்கியதில் பக்கத்திலிருந்த சாமி அலமாரி பாதி மறைந்து, அவருடைய மனைவி போன் செய்து திட்டினார்.

ஆசிரியரின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். டிவியில் படம் நான்கு மூலையும் முட்டி நிற்க வேண்டும். சினிமாப் படம் டிவியைவிட அகலம் அதிகம்; அதை முழுசாகக் காட்டினால் மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை விழும். பட்டை விழுந்தால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

“டிவி ரிப்பேரான்னு கேட்டு வாசகருங்க போன் பண்ணுவாங்கம்மா” என்பார். எந்த வாசகர் என்று சொல்ல மாட்டார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு சினிமா ஸ்டில் போடுவோம், அது இன்னும் மோசம். படம் நீளவாக்கில் படுத்திருக்கும், எங்கள் பக்கம் நெட்டுக்குத்தலாக நிற்கும். ஆகவே நடுவில் நிற்கும் கதாநாயகனை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வெட்டுவேன். ஓரத்தில் நின்ற நண்பன், அம்மா, போலீஸ்காரர், பொதுமக்கள் எல்லோரும் ஒரே வெட்டில் போய்விடுவார்கள். நான் வெட்டிப் போட்டவர்களை வரிசையாக நிறுத்தினால் கடற்கரைச் சாலையில் இடம் போதாது. ஒருநாளும் எனக்கு அது உறுத்தியதில்லை. உறுத்த வேண்டியது வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

என் மாமியார் வைத்திக்குப்பத்தில் பிறந்தவர். இப்போது எங்களோடு அரியாங்குப்பத்தில் இருக்கிறார். முழங்கால் மக்கர் செய்யும்வரை நாற்பது வருடம் மீன் விற்றவர். குட்டையான, அகலமான உடம்பு. குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை போகும். என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாக இருந்தபோது குப்பத்துக் கடற்கரையில் ஒரு சினிமா ஷூட்டிங் நடந்ததாம். கதாநாயகனும் கதாநாயகியும் படகு ஓரம் நின்று பிரிகிற காட்சி. பின்னால் மீன்கூடையோடு நிற்க இரண்டு பெண்கள் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மாமியாரும் அவருடைய தங்கையும் போய் நின்றிருக்கிறார்கள். கதாநாயகிக்குப் பக்கத்தில் கூடை, கூடை விளிம்பில் மாமியாரின் கை, அவருக்கு அந்தப் பக்கம், ஓரத்தில், தங்கை. ஆளுக்கு ஒரு டீயும் பன்னும் கொடுத்தார்கள் என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

படம் வந்ததும் இரண்டு பேரும் தியேட்டரில் போய்ப் பார்த்தார்கள். சினிமாஸ்கோப் படம், சுவர் முழுக்கத் திரை. “அக்கா நீ! அக்கா நானு!” என்று தங்கை எழுந்து நின்று கத்தியதில் பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்களாம். இரண்டு வருடம் கழித்து அந்தத் தங்கை மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கல்யாணத்தின்போது போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். கல்யாணமே வரவில்லை. அவர் முகம் இருக்கும் படம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அந்தச் சினிமாவின் நாலு நொடி.

அந்த நாலு நொடியை டிவிக்காரர்கள் தின்றுவிட்டார்கள். பழைய டிவி சதுரமாக இருக்கும். அதற்குப் படம் கொள்ளாததால் இரண்டு பக்கமும் வெட்டி நடுவை மட்டும் ஓட்டினார்கள். நடுவில் யார்? கதாநாயகனும் கதாநாயகியும். வலது ஓரத்தில் கூடை விளிம்பும், அதன்மேல் நாலு விரலும் மட்டும் தெரியும். அந்தப் படம் எப்போது போட்டாலும் மாமியார் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார்.

“தோ, அந்தக் கை என்னுது” என்பார். “இப்பிடி இன்னும் ஒரு சாண் காட்டினானுங்கன்னா எந்தங்கச்சி வந்துடுவா.”

நான் கல்யாணமாகி வந்த புதிது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் ஓடியது. “ஏன் அத்த, கைக்கு மட்டும்தான் டீ குடுத்தாங்களா?” என்று கேட்டேன். வீடே சிரித்தது. அன்றிலிருந்து குப்பத்துச் சொந்தங்களுக்கு அவர் ‘கை நடிகை’ ஆனார். அந்தப் பெயரை வைத்தவள் நான் என்பதில் கொஞ்ச நாள் எனக்குப் பெருமைகூட இருந்தது. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தங்கையைத் தேடுகிறவரிடம் நான் கையை வைத்துக் கேலி செய்திருக்கிறேன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

பிறகு சுவர் அகலத்துக்குப் புது டிவி வந்தது. மாமியார் கடவுளே வந்தது மாதிரி பார்த்தார். ஆனால் சேனல்காரர்கள் ஓட்டியது அதே பழைய வெட்டுப்பட்ட படத்தை. சதுரப் படம் அகல டிவியில் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் கருப்பு விழுந்தது. என் வீட்டுக்காரருக்கு எங்கள் ஆசிரியரின் குணம் அப்படியே உண்டு. கருப்பைக் கண்டால் ஆகாது.

“இம்மாம் பெரிய டிவிய வாங்கி மாட்டிட்டு ஓரத்துல சும்மா கருப்பா விடுறதா?” என்று ரிமோட்டை அமுக்கிப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் குண்டு. கதாநாயகி குண்டு, செய்தி வாசிப்பவர் குண்டு, குதிரைகூடக் குண்டு. மாமியாரின் நாலு விரலும் நாலு வாழைக்காயாக ஊதிப்போயின. நிஜமாகவே அகலமாக இருக்கும் படம் எப்போதாவது வந்தால், அதையும் மேலே கீழே கருப்பு தெரியக் கூடாதென்று பெரிதாக்கி, ஓரத்தை வெட்டித்தான் பார்ப்போம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதை. டிவிக்காரர்களைத் திட்டி என்ன பயன்? மிச்சத்தை நாங்களே செய்துகொண்டிருந்தோம்.

இப்படி இருக்கையில்தான் கடற்கரைக்குப் பின் தெருவில் ஒரு பழைய வீட்டைப் படம் எடுக்கப் போனோம். வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயராகி வந்த பெரியவர். தெருவில் எல்லோரும் மரியாதையாக முசியே என்பார்கள். அவருக்கு ஒரே பைத்தியம் சினிமா. பழைய தமிழ்ப் படங்களை எங்கெங்கிருந்தோ நல்ல டிஸ்க்காகச் சேர்த்து வைத்திருந்தார். யாருக்கும் இரவல் கிடையாது. போட்டோகிராஃபர் டிவியை அணைக்கப் போனார்.

“நோன், நோன்” என்று முசியே குறுக்கே வந்தார். “அணைச்சா நீங்க ஆபீசுல போயி ஏரிய வைப்பீங்க. போன மாசம் எங்க டாக்டர் வீட்டுக்கு வச்சீங்களே. எங்க வீட்டுல படம்தான் ஓடணும். நிறுத்தி வைக்கிறேன், எடுத்துக்குங்க.”

ஏரியைக் கண்டுபிடித்த ஒரே வாசகர் அவர்தான். டிஸ்க்கைப் போட்டு ஓட்டிக்கொண்டே போனார். மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை விழுந்திருந்தது. அதை எடுத்துவிடலாமே என்று போட்டோகிராஃபர் கேட்டார்.

“அது சும்மா கெடக்கிற எடம் இல்ல தம்பி. அது இருக்கிறதாலதான் ரெண்டு பக்கமும் ஆளுங்க நிக்க முடியுது” என்றார் முசியே.

சொல்லிக்கொண்டே நம் ஊர்க் கடற்கரை என்பதால் இந்தக் காட்சிதான் பொருத்தம் என்று ஓர் இடத்தில் நிறுத்தினார். படகு, கதாநாயகன், கதாநாயகி, கூடை, விளிம்பில் நாலு விரல். விரலுக்கு மேலே கை இருந்தது, கைக்கு மேலே இளவயது மாமியார் இருந்தார், அகலமாக, கேமராவை முறைத்துக்கொண்டு. அவரை ஒட்டி, திரையின் கடைசி ஓரத்தில், உருண்டை முகத்தோடு குட்டையாக இன்னொரு பெண். போனில் எடுத்தேன், டிவியைப் போனில் எடுத்தால் வருமே, அதுபோல் கோடு கோடாக விழுந்து முகமே புரியவில்லை. போட்டோகிராஃபர் தன் கேமராவில் டிவியை மட்டும் தனியாகவும் ஒன்று, தெளிவாக எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். மாமியார் வாசலில் அரிவாள்மனையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அத்த, நீங்க இருக்கீங்க. உங்க தங்கச்சியும் இருக்காங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன். அடுத்த மாசம் எங்க புத்தகத்துல வருது.”

கை நின்றது. “எப்பிடி இருந்தா?” என்றார்.

மறுநாளே கேமராப் படம் ஆபீசுக்கு வந்துவிட்டது. ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொடுக்கவில்லை. அச்சில், பளபள தாளில், என் பத்திரிகையில் பார்க்கட்டும் என்ற திமிர். ‘கை நடிகை’ என்று பெயர் வைத்தவளே முழு நடிகையாகவும் ஆக்கினாள் என்று ஊர் சொல்ல வேண்டும் எனக்கு. அதற்குள் மாமியார் வைத்திக்குப்பம் போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பக்கம் தயாரானது. டிவிப் படத்துக்கு அரைப் பக்கம். ஆசிரியர் பார்த்தார்.

“கருப்பு என்னம்மா இது? எடு.”

எடுத்தால் ஓரத்து ஆட்கள் போய்விடுவார்கள் என்றேன். “ஓரத்துல யாரு இருக்கா? ரெண்டு மீன்காரம்மாதான. ஹீரோவ பெரிசாக்கு. இல்லன்னா நம்ம ஏரிய வச்சுடு” என்றார். அதில் ஒருவர் என் மாமியார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆபீசில் எல்லோருக்கும் நான் அரியாங்குப்பத்தில் அபார்ட்மெண்டில் இருப்பவள் என்றுதான் தெரியும், மீன்காரக் குடும்பத்து மருமகள் என்று தெரியாது. அதை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். இதை எழுதும்போது என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

வெட்டவும் மனமில்லை, ஏரி வைக்கவும் மனமில்லை. மூன்றாவது வழி ஒன்று கையில் இருந்தது. படத்தை மேலேயும் கீழேயும் பிடித்து, பட்டை மறையும்வரை இழுத்தேன். ஒருவரும் வெட்டுப்படவில்லை. மூன்றில் ஒரு பங்கு உயரம் மட்டும் கூடியது. வீட்டில் எல்லோரும் அகலத்தில் இழுத்துப் பார்க்கிற ஊரில் உயரத்தில் இழுத்தால் யாருக்குத் தெரியும் என்று என் கெட்டிக்காரத்தனம். ஆசிரியருக்கும் பிடித்துவிட்டது. “ஹீரோயின் நல்லா ஸ்லிம்மா இருக்காங்களே” என்றார்.

இதழ் வந்த ஞாயிறன்று வைத்திக்குப்பத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். மாமியார் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்தேன். எல்லாத் தலையும் ஒன்றாகக் குனிந்தது.

“இது யாரு?” என்றார் அவருடைய நாத்தனார்.

“நானுதான்.”

“நீயா? நீ எந்தக் காலத்துல இவ்ளோ ஒசரமா, ஒல்லியா இருந்த? சவுக்குக் கழியாட்டம் இருக்கா.”

“அப்பவே மேக்கப்பு போட்டு இழுத்துட்டானுங்களாட்டம் இருக்குது” என்றார் இன்னொருவர். சிரிப்பு கிளம்பியது. நான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு.

மாமியார் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. தன்னைப் பார்க்கவும் இல்லை. விரலை ஓரத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே நீண்ட முகமும் நீண்ட கழுத்துமாக யாரோ ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

“இது அவ இல்ல” என்றார். “அவ உருண்ட மொகம். குட்டையாத்தான் இருப்பா. இது யாரோ.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

“இல்ல, அவதானா? முப்பத்தஞ்சு வருசம் ஆயிடுச்சு. நான்தான் அவ மொகத்த மறந்துட்டேனோ என்னமோ” என்றார். இதழை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி போட உள்ளே போனார்.

சேனல்காரர்கள் தங்கையை வெட்டத்தான் செய்தார்கள். வெட்டுப்பட்டவள் ஞாபகத்திலாவது பத்திரமாக இருந்தாள். நான் அதிலும் கைவைத்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டேன். இழுக்காத படத்தை எடுத்துக்கொண்டு கலர் லேபுக்குப் போய், கருப்புப் பட்டையோடு அப்படியே, பெரிய அளவில் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தேன். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரிண்டை அவர் முன்னால் விரித்தேன்.

ஓரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

“அடியேய்!” என்றார். தைலக் கையை அவசரமாகப் புடவையில் துடைத்தார். “கண்ண மூடிக்கினு நிக்கிறா பாரு! படிச்சிப் படிச்சி சொன்னேன், வெயிலு அடிக்கும், கண்ண மூடாத, கண்ண மூடாதன்னு. மூடிக்கினு நிக்கிறா பாரு, மூதேவி!”

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அத்த, நீங்க ஒண்ணும் மறக்கல. புத்தகத்துல நான்தான் இழுத்து வச்சேன். மொகம் மாறினது என்னாலதான்.”

“எதுக்கு இழுத்த?”

“மேலயும் கீழயும் கருப்பு தெரியக் கூடாதுன்னு சொன்னாங்க.”

படத்தின் மேலே இருந்த கருப்பைப் பார்த்தார். கீழே இருந்த கருப்பைப் பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார்.

“இதுக்கா?” என்றார். அதற்குமேல் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஃபிரேம் போடும் கடைக்குப் போனோம். கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேலை வைத்தார்.

“இந்த மேல கீழ கருப்பு வேஸ்ட்டும்மா. அத வெட்டிட்டு, அப்பிடியே இந்த ஓரத்துலயும் ரெண்டு இஞ்சு எடுத்துட்டன்னா ரெடிமேட் ஃபிரேமுல அழகா உக்காந்துடும்” என்று கத்தி முனையை வலது ஓரத்தில் வைத்துக் காட்டினார். சரியாகத் தங்கையின் கழுத்தில்.

“கத்திய கீழ வை” என்றார் மாமியார். நாற்பது வருடம் மார்க்கெட்டில் கேட்ட குரல். கடைக்காரர் வைத்துவிட்டார். “படத்துக்கு ஏத்தா மாதிரி ஃபிரேமு செய்யி. ஃபிரேமுக்கு ஏத்தா மாதிரி ஆள வெட்டாத.” முக்காலியை இழுத்துப் போட்டு, வேலை முடியும்வரை கடைக்காரரின் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

போன மாத இதழில் நான் வில்லியனூரில் ஒரு வீட்டு டிவிக்குள் மறுபடியும் ஏரியை வைத்தேன். ஆசிரியர் மாறவில்லை, நானும் வேலையை விடவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ரிமோட்டில் இழுக்கிற பொத்தானை இப்போது தொடுவதில்லை. டிவிக்கு மேலே அந்தப் படம் தொங்குகிறது, மேலேயும் கீழேயும் கருப்போடு. வருகிறவர்கள் எல்லோரையும் மாமியார் அதன்முன் நிறுத்தி, “ஓரத்துல கண்ண மூடிக்கினு நிக்கிறாளே, அவதான் எந்தங்கச்சி” என்று காட்டுகிறார். இத்தனை வருடம் தன் கையைக் காட்டி அலுக்காதவர், இப்போது தன்னைக் காட்ட மறந்துவிடுகிறார். பக்கத்தில் நிற்பது அவர்தான் என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.